புகை போடும் நாளில் எனக்குப் பேர் கிடையாது

தகரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் நின்றார். நான் டிரம்முக்கு இந்தப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் தீ.

ஓங்கி எரிகிற தீ என்று நினைத்துவிடாதீர்கள். மேலே பரப்பிய வாழைச்சருகும் தேங்காய்த் தொண்டும் எரிந்து, அடியில் இருக்கிற மரத்தூள் ஓரங்களில் கறுக்கத் தொடங்குகிற நேரம். பெருமழை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஈரக்காற்று வந்து, போன புகையை எல்லாம் எங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பியது.

"ஆயோ?" என்று டீச்சர் கேட்டார். ஆகிவிட்டதா என்று.

"இல்ல டீச்சரே. இன்னும் கொறச்சு." கொஞ்சம் என்பதற்கு இங்கே அப்படித்தான்.

டீச்சருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதனால் தீயின் நிறம் பார்த்துச் சொல்கிற வேலையை அன்றைக்கு என்னிடம் விட்டிருந்தார். நான் சொன்னதும் அவர் தகரத்தை இழுத்து டிரம்மை மூட வேண்டும்.

எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் யாரோ ஊதல் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அதை அவர் கேட்டுவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூடின வாய்க்குள் ஒரு சொல் இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வைத்துக்கொண்டு வந்தது. வித்துரா போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, உதட்டை அசைக்காமல் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் வீட்டுப் படியேறும்போது சொல்லியிருக்கலாம். பானைகளை அடுக்கும்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் நான் சொல்லாவிட்டால், மறுநாள் என் மகள் செல்வி நேரில் வந்து சொல்லிவிடுவாள். அவள் எப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சொல்வாள்.

அந்தச் சொல் 'போதும்'. இனி என்னால் இந்த வேலை முடியாது, போதும். அவ்வளவுதான். இதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள்.

அது என் பேர்.

கரி தேய்த்த கை

போன வாரம், பிழைக்க வந்த இந்த மலையாளத்து ஊரில் ஆரியசாலை மெஸ் ஒன்றில் நான் பாத்திரம் தேய்த்ததைப் பற்றி எழுதியிருந்தேன். சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் கரி இருக்கிறதா என்று முதலாளியம்மா விரலால் தொட்டுப் பார்ப்பதை எழுதியிருந்தேனே, அதைப் படித்த ஒருவர், "அப்படிக் கரி தேய்த்தவர் பிறகு பானைக்குக் கரி ஏற்றப் போனது எப்படி?" என்று கேட்டாராம். பத்திரிகையிலிருந்து போனில் சொன்னார்கள்.

அதற்குக் காரணம் செல்விதான். அவள் ஆரியசாலையில் ஒரு நாட்டுமருந்து மொத்தக் கடையில் நிற்கிறாள். அப்போதும் அங்கேதான் நின்றாள். அந்தக் கடைக்கு ஒரு அம்மா அடிக்கடி வருவார். வெள்ளை முடி, பருத்திச் சேலை, நகத்துக்குள் எல்லாம் மண். அவர் வாங்குவது எப்போதும் அதே மூன்றுதான்: தேன்மெழுகு, கல்லுப்பு, துரிசு. துரிசு என்றால் நீலமாக இருக்குமே, மயில்துத்தம், அது.

"நோய்க்கு மருந்து வாங்குத ஆளு மாதிரியும் தெரியல. வெசம் வைக்கப் போற ஆளு மாதிரியும் தெரியல" என்று செல்வி வீட்டில் வந்து சொல்வாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"பானை சுடுந்நு மோளே. புகையில்" என்றாராம் அவர்.

பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நெடுமங்காடு தாண்டி ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. தனி ஆள். கூடமாட வேலைக்கு ஒருத்தி வேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். மெஸ்ஸைக் கைமாற்றி விட்டு, எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம் அது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"எங்கம்மை இருக்கா டீச்சரே. பேசத்தான் மாட்டா" என்று செல்வி சொல்லியிருக்கிறாள்.

"பேசாத்த ஆளைத்தன்னெயா எனிக்கு வேண்டது" என்றாராம். பேசாத ஆள்தான் அவருக்கு வேண்டுமாம்.

முதல் நாள் செல்வியும் கூட வந்தாள். டீச்சர் என் பேரைக் கேட்டார். நான் அவர் வீட்டுத் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு கீறல்.

"அம்மைக்குப் பேரு போதும்பொண்ணு" என்று செல்வி சொன்னாள்.

"போது... எந்து?"

"போதும்னா மதி, டீச்சரே. மதி. பெண்ணு."

மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்'. இங்கே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் 'மதி, மதி' என்றுதான் கேட்கும். டீச்சர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ரெண்டையும் சேர்த்து ஒரு தடவை வாயில் போட்டுப் பார்த்தார்.

"மதிப்பெண்ணு."

செல்விதான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யம்மா! அஞ்சாங்கிளாஸோட நின்ன ஒனக்கு மதிப்பெண்ணுன்னு பேரு வச்சிட்டாங்க பாத்தியா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் மதி.

சாமிக்குக் கேட்கவில்லை

எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களுக்கு என் பேரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், கடைசியாகப் பிறந்ததற்குப் 'போதும்பொண்ணு' என்று பேர் வைத்துவிடுவார்கள். பெண் போதும், அடுத்ததை ஆணாகக் கொடு என்று சாமிக்குச் சொல்கிற மாதிரி. எனக்கு மூத்தவர்கள் எல்லாம் அக்காமார்கள். அதனால் அந்தப் பேர் எனக்கு வந்தது.

சாமிக்குக் காது கேட்கவில்லை. எனக்கு அடுத்ததும் பெண்தான். ஐயா சலித்துப்போய் அவளுக்கு ராணி என்று பேர் வைத்தார். போதும் என்று சொல்வதற்காகப் பேர் வாங்கியவள் நான். சொன்னதைக் கேட்காமல் வந்தவள் ராணி.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது ஒவ்வொருவராக 'உள்ளேன் ஐயா' என்பார்கள். என் முறை வந்ததும் பின்வரிசைப் பையன்கள், "போதும் ஐயா, போதும்! நிறுத்துங்க!" என்று கத்துவார்கள். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிடும். நான் எழுந்து நிற்பதற்குப் பதிலாக இன்னும் குனிந்துகொள்வேன். அப்படியே பழகிவிட்டது.

அந்தச் சொல்லையே நான் வாயில் எடுப்பதில்லை. விசேஷ வீட்டில் சோறு போட வருவார்கள். 'போதும்' என்று சொன்னால், "ஆமா ஆமா, ஒம்பேரு தெரியும்" என்று இன்னொரு கரண்டி போடுவார்கள். அதனால் இலைக்கு மேலே கையை விரித்து மறைத்துவிடுவேன். டீ ஊற்றினாலும் கிளாஸுக்கு மேலே கைதான். சில சமயம் கை சுட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் இங்கே சாலைக்கடை பஜாரில் மூட்டை தூக்கியவர். கட்டிக்கொண்டு வந்த புதிதில், கொத்தவரங்காய்ப் பொரியலை எனக்குப் போட்டுக்கொண்டே, "போதும்! போதும்னா கூப்பிடுதேன், வேணுமான்னு கேக்கல" என்று கேலி செய்வார். நான் கையால் மறைப்பேன். கைமேல் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு எழுந்து போவார். பாவம், அவருக்கும் என்னிடம் பதில் கிடைத்தது குறைவு.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வயசில் ஒரு சின்னச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவளைப் பார்த்து நீங்கள் சிரிக்கக் கூடாது.

கல், தூள், தீ

டீச்சர் செய்கிற பானையில் சோறு பொங்க முடியாது. தண்ணீர் வைத்தால் கசியும். முதலில் எனக்கு அது விளங்கவே இல்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

சக்கரத்தில் அவர் வனைவார். பச்சை மண் பாதி காய்ந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத பதம் வந்ததும் என்னிடம் தருவார். ஆற்றுக் கூழாங்கல்லால் நான் அதைத் தேய்க்க வேண்டும். மெல்ல, ஒரே பக்கமாக. தேய்க்கத் தேய்க்க மண் வாய் மூடிக்கொண்டு பளபளவென்று வரும், பலாக்கொட்டையின் தோல் மாதிரி. மெஸ்ஸில் கையும் தோளும் சேர்ந்து தேய்க்கும். இங்கே விரல் நுனி மட்டும் தேய்க்கும். முதல் ஒரு வாரம் எனக்கு அதுதான் வலித்தது, அழுத்தாமல் இருப்பது.

பிறகு கரண்ட் அடுப்பில் லேசாக ஒரு சூடு. அதற்குப் பிறகுதான் புகை.

கொல்லையில் பழைய எண்ணெய் டிரம் ஒன்று. அதன் அடியில் மரத்தூள். இங்கே அறக்கப்பொடி என்பார்கள். வித்துராப் பக்கத்து மில்லிலிருந்து சாக்கில் வரும். அதன்மேல் பானைகள். சிலதுக்கு உப்பு நனைத்த வாழைநாரைச் சுற்றுவோம். சிலதுக்குத் துரிசுப்பொடி தூவுவோம். இடைவெளி எல்லாம் தூளால் நிரப்பி, சாணி வறட்டியும் சருகும் தொண்டும் போட்டுத் தீ வைப்போம்.

மேலே உள்ளது எரிந்து, தூள் கனியத் தொடங்கியதும் தகரத்தால் மூட வேண்டும். காற்று போகாது. உள்ளே தீ இல்லாமல் புகை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து மண்ணுக்குள் ஏறும். மறுநாள் ஆறினதும் திறந்து, சாம்பலுக்குள் கையை விட்டுப் பானையை எடுத்து, ஈரத்துணியால் துடைப்போம். அப்போதுதான் தெரியும். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல் நிறம், நடுவில் துரிசு பட்ட இடம் சிவந்து கிடக்கும். மழைக்கு முன்னால் சங்குமுகத்துக் கடல்மேலே வானம் இருக்குமே, அப்படி. பிறகு தேன்மெழுகைத் தடவித் துணியால் தேய்ப்பேன். துடைக்கும்போது எனக்கு, இதில் சோறு பொங்க வேண்டாம் என்றுதான் தோன்றும்.

சீக்கிரம் மூடினால் எல்லாம் ஒரே கறுப்பு. தாமதமாக மூடினால் வெளுத்துப்போகும். அதனால் எப்போது மூடுவது என்று டீச்சர்தான் சொல்வார். தீயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நேரம் வந்ததும் "மதி" என்பார். நான் தகரத்தை இழுத்துவிடுவேன்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தீ வைத்துவிட்டு டீச்சர் அடுக்களைக்குள் போனார். பால் பொங்கியிருக்கிறது. சர்க்கரை டப்பாவை நான் எங்கோ மாற்றி வைத்திருக்கிறேன். அங்கிருந்தே, "மதீ!" என்று ஒரு சத்தம்.

நான் தகரத்தை இழுத்து மூடிவிட்டேன்.

டீச்சர் கரண்டியோடு ஓடி வந்தார். தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஞான் நின்னெ விளிச்சதல்லே!" உன்னைக் கூப்பிட்டேன் என்கிறார்.

"மதின்னு சொன்னீங்க..."

"அது நின்டெ பேரல்லே, மதி?"

"பேருதான் டீச்சரே. ஆனா டிரம்முக்கும் அதானே..."

அவர் அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். கையில் கரண்டி. அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் எடுத்த பானை எல்லாம் மெஸ் அண்டாவின் அடி மாதிரி இருந்தது. அதில் ஒன்று இன்னும் அவர் வாசலில் இருக்கிறது. குடை சொருகி வைப்பார்.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். புகை போடும் நாளில் 'மதி' என்ற சொல் டிரம்முக்கு மட்டும்தான். என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் டீச்சர் கை தட்டுவார். அந்த நாளில் மட்டும் எனக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாமல் இருப்பது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

நெஞ்சுப் படம்

புகை தலைமுடியில் ஏறினால் இறங்காது. எந்த ஷாம்பு போட்டாலும் ரெண்டு நாளைக்கு இருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். தலையைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். வீட்டில் பேத்தி, "அம்மும்மைக்கு மீன் சுட்ட மணம்" என்று சொல்லிக்கொண்டு மடியில் வந்து படுப்பாள்.

அது முடியில் இருந்தவரை பரவாயில்லை. நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எப்போது என்று தெரியவில்லை. முதலில் படி ஏறினால் இளைத்தது. பிறகு தண்ணீர்க் குடம் எடுத்தால் இளைத்தது. பிறகு சும்மா உட்கார்ந்து தலை சீவினாலே கை பாதியில் நின்றது. தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. உடம்பே ஈரத்துணி மாதிரி கனத்தது.

செல்வி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வீட்டில் விறகடுப்போ அம்மே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பீடி வலிக்குமோ?" பீடி குடிப்பேனா என்று.

செல்வி மூக்கால் சிரித்தாள்.

"பின்னெ இத்தரயும் புக எவிடந்நா?" இவ்வளவு புகை எங்கிருந்து என்று.

"பானைக்கு" என்றேன்.

"சோறு வைக்குந்ந பானையோ?"

"இல்ல. சும்மா இருக்குத பானை."

டாக்டரம்மா செல்வியைப் பார்த்தார். என்னை எந்த வார்டுக்கு அனுப்புவது என்று யோசித்தாரோ என்னவோ. செல்வி விளக்கிச் சொன்ன பிறகு பேனாவை மூடினார். "இனி புக வேண்டா. மாஸ்க் கெட்டி கொறச்சு நாள்னு பறயண்டா. வேண்டா." மாஸ்க் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் என்றெல்லாம் சொல்லக் கூடாதாம்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று செல்வி பேசினாள்.

"நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"கொச்சியில டீச்சருக்கு ஒரு கண்காட்சி இருக்குட்டி. அதுக்கு ஒரே ஒரு டிரம்தான் பாக்கி."

"அந்த ஒரு டிரம்ம மூடிட்டு ஒன்னையும் மூடணுமா?"

"அவங்களுக்குக் கண்ணு தெரியல. ஆளு கெடையாது."

"ஒனக்கு மூச்சு கெடையாது. அதப் பாரு. கடைசித் தடவையாப் போ. சாயங்காலம் வரும்போது சொல்லிட்டு வரணும். இல்லன்னா நாளைக்குக் காலைல கடைக்கு லீவு போட்டுட்டு நானே போயி, எங்கம்மையக் கொன்னுட்டீங்கல்லான்னு கேப்பேன்."

கேட்பாள். அவள் ராணி சித்தியின் சாயல்.

டீச்சர் என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மாஸ்க் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அந்த மாஸ்க்கின் கண்ணாடியில் புகை படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று அதைக் கழற்றி வைத்தவள் நான். அவரிடம் போய் செல்வி அப்படி ஒரு வார்த்தை கேட்டால், நான் பிறகு எந்த முகத்தோடு இருப்பேன்? அதனால்தான் அந்தச் சொல்லை வாய்க்குள் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தகரம்

"ஆயோ?"

"இல்ல டீச்சரே."

தீ நன்றாகத்தான் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். ஓரத்தில் கறுத்த தூள் நடுவரைக்கும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிரம்முக்குள் இருந்த பானைகளை எல்லாம் நான்தான் கல்லால் தேய்த்தேன். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எதில் நார் சுற்றியிருக்கிறது என்று எனக்கு நினைவிருந்தது.

காற்று திரும்பியது. புகை மொத்தமும் என் முகத்தில். இருமல் வந்தது. வந்தது என்றால் நிற்கவில்லை. இடுப்பை மடக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கண்ணில் தண்ணீர். மூச்சை உள்ளே இழுத்தால் வரவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் தகரத்தைப் பிடித்துக்கொண்டு, "எந்தா? எந்தா பற்றியது?" என்று, என்ன ஆச்சு என்று கேட்கிறார். அவருக்குப் புகையில் என்னைத் தெரியவில்லை.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. நினைத்தது 'போதும்' என்று. ஆனால் இத்தனை வருஷம் டிரம் பக்கத்தில் டீச்சர் வாயால் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் எனக்கு அவர் பாஷையில்தான் வந்தது.

"மதி" என்றேன். "மதி, டீச்சரே."

டீச்சர் தகரத்தை இழுத்து டிரம்மை மூடிவிட்டார்.

டம் என்று ஒரு சத்தம். புகை நின்றது. ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒன்று கசிந்தது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"இத்தர வேகம் ஆயோ?" என்று கேட்டார். அவருக்கும் நேரக்கணக்கு தெரியுமே.

"ஆவல டீச்சரே."

"பின்னெ?"

"டிரம்முக்குச் சொல்லல. எனக்குச் சொன்னேன்."

"நினக்கோ?"

"எனக்குப் போதும்."

தமிழில் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். என் காதுக்கே அது யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

டீச்சருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் முதல் நாளே தெரியும். தகரம் சுடாமல் இருக்கப் பிடித்திருந்த துணியைக் கீழே வைத்தார். என் பக்கம் வந்தார். மூக்கு என் முகத்தில் படுகிற தூரத்துக்கு வந்துதான் பார்த்தார், கண் அப்படி. என் நெஞ்சு ஏறி இறங்குவதையும், அதற்குள் ஊதுகிறதையும் அவர் கேட்டிருக்க வேண்டும்.

"ஆரா பறஞ்ஞது? செல்வியோ, டாக்டரோ?"

ரெண்டு பேரும் சொன்னதுதான். ஆனால் அப்போது எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

"நாந்தான்" என்றேன்.

அவர் டிரம் பக்கம் திரும்பினார். உடனே தகரத்தைத் தள்ளினால் தீ மறுபடி பிடித்துக்கொள்ளும். பானைகளைக் காப்பாற்றிவிடலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கை தானாகத் தகரத்துக்குப் போனது.

"தொறக்கட்டுமா டீச்சரே? பிடிச்சுக்கும்."

"வேண்டா" என்றார். "கெடக்கட்டே."

என் கையைத் தகரத்திலிருந்து எடுத்துவிட்டார். துணி துவைக்கிற கல்லில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். சாயா போட்டுக் கொண்டுவந்தார். பார்வை சரியில்லாமல் ஊற்றியதில் கிளாஸ் நிறைந்து வழிந்தது. வழக்கம்போல என் கை கிளாஸை மறைக்கப் போனது. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"போதும்" என்றேன் மறுபடி.

அவர் ஊற்றுவதை நிறுத்தினார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பானைகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். எல்லாம் கன்னங்கரேல் என்று வந்தனவாம். மெழுகு வாங்கக் கடைக்கு வந்தபோது செல்வியிடம் டீச்சர் சொல்லியிருக்கிறார். கொச்சிக்கு அதையேதான் அனுப்பினாராம். யார் என்ன சொன்னார்கள் என்று செல்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டீச்சருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. கூட வேலைக்கு, நெடுமங்காட்டுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். எனக்கு இப்போதும் இளைப்பு இருக்கிறது. ஆனால் தலை சீவி முடிக்கிற வரைக்கும் கை நிற்காமல் போகிறது.

அன்றைக்கு நான் கிளம்பியது மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சாயா குடித்துவிட்டு, மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். கேட்டைத் தாண்டியதும் பின்னால் கை தட்டும் சத்தம் கேட்டது. புகை போட்ட நாள் அல்லவா, வழக்கப்படி தட்டுகிறார். நான் திரும்புவதற்குள் தட்டல் நின்றுவிட்டது. ரப்பர் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

பிறகு கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, முழுப் பேரையும். நடுவில் ஒரு மூச்சு விட்டு, 'ண்'ணைக் கொஞ்சம் அழுத்தி.

"போதும்... பொண்ணே!"

"எந்தா டீச்சரே?"

"ஒண்ணுமில்லா" என்றார், சும்மா கூப்பிட்டுப் பார்த்தாராம். "விளிச்சு நோக்கியதா."